தலைமையும் தண்ணளியும்



நாம் சொல்வனவற்றுட் பெரும்பாலனவற்றைப் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர். நாம் செய்வனவற்றை மறப்பதில்லை. அறஞ் செய்தல் வேண்டுமென்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மதிய உணவின்றி நிற்கும் மாணாக்கனைக் காணாதார்போல் நாம் கடந்துபோவோமாயின், அவ்வகுப்பு அன்று கற்ற பாடம் கடந்துபோதலேயாம். ஆதலால் அன்பும் கொடையும் நல்ல தலைமையும் பிறரை எவ்வாறு நல்வழிப்படுத்துகின்றன என்னும் விடயம் வேறெவர்க்கும் உரியதாகுமுன் ஆசிரியராகிய நமக்கு உரியதாகின்றது.

தம்மவரிடத்து அன்பு செய்தல் எளிது. சைவப் பிள்ளைக்குச் சைவ ஆசிரியர் உதவினால் அதனை எவரும் வியவார். தம்மவரல்லாதாரிடத்தும், தம்மை வெறுப்பாரிடத்தும் செய்யப்படும் அன்பே கண்டார் நெஞ்சில் நின்று, அவரையும் அன்பு செய்வாராக்கும் ஆற்றலுடையது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. யாம் வாழும் இக்கண்டி நகரின் சரித்திரத்திலேயே அஃது உளது.

1747ஆம் ஆண்டு தொடங்கி 1782ஆம் ஆண்டு வரையும் கண்டியிலிருந்து அரசு செய்தவன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். அவன் தென்னாட்டு நாயக்கர் குலத்தவன். தன் தமக்கையின் நாயகனாகிய ஸ்ரீ விசய இராசசிங்கனுக்குப் பின் இளம்பருவத்திலே முடி சூடினான். அவன் அரசேற்றபோது இந்நாட்டுப் பௌத்தசமயம் மிகத் தளர்ந்த நிலையில் இருந்தது. உபசம்பதை என்னும் முழுத்துறவு பெற்ற பிக்குகள் இலங்கையில் இலராயினர். முழுத்துறவு பெற்றார் சிலர் கூடினாலன்றி அத்துறவைப் பிறர்க்கு அளித்தல் அச்சமய விதிப்படி இயலாது. ஆகவே அறுந்த பரம்பரையை உள்நாட்டிலிருந்து மீட்கும் வழி இல்லாதொழிந்தது. துறவியின் கோலத்தை மாத்திரம் பூண்டு, நிலபுலங்களையும் மனைமக்களையும் பேணியிருந்தோர் பலராயினர்.

அக்காலத்தே வெலிவிட்ட சரணங்கரர் என்னும் இளந்துறவி ஒருவர் இருந்தார். அவர் 1698ஆம் ஆண்டிற் பிறந்தவர். பாளிமொழியைக் கற்க விரும்பிய அவருக்குக் கற்பிக்கும் துறவிகள் கிடைத்திலர். அரச கோபத்துக்கு ஆளாகிக் காவலில் இருந்த லேவுக்கே என்னும் இல்லறத்தார் ஒருவர் இலக்கணம் அறிந்தவரென்று கேள்வியுற்று, அவரை நாடிச்சென்று கற்றார். கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தார். ஒழுக்கத்தோடு வாழ விரும்பிய இளைஞர்களை ஒரு கூட்டமாகச் சேர்த்தார். நூல்களை இயற்றினார். ஆசிரியர்களே, ஒரு சமயத்தின் மறுமலர்ச்சி அரண்மனையில் அன்று, கற்கவேண்டுமென்னும் ஒருவருடைய வேட்கையிலும் கற்பிக்கவேண்டுமென்னும் அவருடைய ஊக்கத்திலுமே தொடங்கிற்று என்பதை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும்.

அரசன் செய்தது யாது? தொடங்கியவரைக் கண்டறிந்து அவர் பின்னே நின்றான். சீய தேசத்தினின்றும் பிக்குகளை வரவழைக்க வேண்டுமென்பது சரணங்கரரின் நெடுநாள் வேண்டுகோள். முன்னை அரசன் காலத்துச் சென்ற தூதுகள் பயன்படவில்லை. கீர்த்தி ஸ்ரீ மனந்தளராது 1750ஆம் ஆண்டில் மீண்டும் தூது போக்கினான். கடற்றுறைகளைக் கையகப்படுத்தியிருந்த ஒல்லாந்தரிடம் கப்பலைக் கேட்டுப் பெற்றான். உபாலி தேரர் முதலாய துறவியர் 1753ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு எசல மாதத்துப் பூரணையில், மல்வத்தை விகாரையில், அற்றுப்போன உபசம்பதை மீண்டும் அளிக்கப்பட்டது. சரணங்கரர் சங்கராசர் என்னும் தலைமைப் பதவியைப் பெற்றார். இன்று இலங்கையிற் சியாம் நிகாயம் என வழங்கும் பிக்கு பரம்பரை அன்று தோன்றியதேயாம்.

அந்த 1753ஆம் ஆண்டிலேயே, சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்துச் சிவாலயத்தை அவ்வரசன் புதுக்கிச் செப்பேடு வழங்கினான். ஒரு கையாற் புத்தர் சங்கத்துக்கு உயிர் கொடுத்தவன் மற்றைக் கையாற் சிவபெருமான் ஆலயத்தை எடுப்பித்தான். தன் சமயத்தை விட்டுப் பிறர் சமயத்தைக் காத்தானல்லன். பிறர் சமயத்தைக் காத்ததனால் தன் சமயத்தை இழந்தானுமல்லன். நாதர், விட்டுணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய தேவாலயங்களின் ஊர்வலங்களுக்கு முன்னே தந்ததாது செல்லும் ஒழுங்கும் இவன் காலத்தில் ஏற்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் எசல பெரஹராவில் நம் முருகப்பெருமானுடைய ஊர்வலம் இந்நகர வீதிகளில் வரக் காண்கின்றோம்.

இத்தகைய அரசனை எல்லாரும் ஏத்தினர் என்று கருதற்க. 1760ஆம் ஆண்டில் அவனைக் கொல்லுதற்கு ஒரு சூழ்ச்சி நிகழ்ந்தது. பிரதானிகள் சிலரும் துறவியர் சிலரும் அதிற் சேர்ந்திருந்தனர். அவர்கள் அவன்மேற் சுமத்திய குறைகளுள் ஒன்றை ஒரு பழைய சிங்கள நூல் கூறுகின்றது. அஃது யாதெனின், அவன் திருநீறு பூசுவதை விட்டிலன் என்பதாம். மல்வத்தை விகாரையில் அறவுரை கேட்க வரும் அரசனுக்கு இடும் ஆசனத்தின்கீழ்க் குழி அமைத்து, அதில் வீழ்த்திக் கொல்வதென்று எண்ணினர். தன்னால் உயிர்பெற்ற விகாரையிலேயே தனக்குச் சாவு ஆயத்தமாதலை அரசன் அறிந்தான். முன்னறிவித்தவன் கோபால முதலி என்னும் முஸ்லிம். சூழ்ச்சி வெளிப்பட்டது. பிரதானிகள் சிலர் மரணதண்டனை அடைந்தனர்.

அத்தண்டனையை யாம் மறைக்கமாட்டோம். அவன் நாயனாரல்லன், அரசன். எனினும் அதன் பின்னர் அவன் செய்ததையும் கூறல் வேண்டும். சூழ்ச்சியிற் சம்பந்தமுடையாரெனச் சங்கராசரும் காவலில் வைக்கப்பட்டார். சிறிது காலத்தில் அரசன் அவரை மன்னித்து விடுவித்து, முன்னை நிலையிலேயே இருத்தினான். சரணங்கரர் 1778ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் பணி தொடர்ந்தது. அரசனும் விகாரைகளுக்குச் செய்துவந்த கொடையை நிறுத்தினானல்லன். மகாவலி கங்கைக்கு அப்பால் உள்ள தெகல்தொறுவைக் குகைவிகாரை அச்சூழ்ச்சிக்குப் பின்னர் அவன் ஆதரவில் எழுந்ததே. கைம்மாறு பெறாத கொடையைத் தொடர்வது அரிது. கைம்மாறாக வஞ்சனையைப் பெற்றபின்னும் தொடர்வது அதனினும் அரிது.

இதனைப் படிக்குந்தோறும் மெய்ப்பொருள் நாயனார் சரிதம் எம் நினைவுக்கு வருகின்றது. அங்கே முத்தநாதன் திருநீற்றுக் கோலத்தைப் பூண்டு வந்து வாளை ஓச்சினான். இங்கே திருநீறு அணிந்தமையையே குற்றமாக்கி ஓச்சக் கருதினர். அச்சரிதத்தை வகுப்பிற் சொல்லும்போது நாம் நாயனாரின் பெருமையோடு நிறுத்திவிடுகின்றோம். தத்தனை மறந்துவிடுகின்றோம். தன் தலைவனைக் குத்தியவனை வெட்ட வாளெடுத்தவன் தத்தன். இவன் நம்மவன் என்று தடுத்து, இவனைத் தீங்கின்றி எல்லைவரை கொண்டுபோய் விடுக என்றார் நாயனார். வெகுண்டெழுந்த ஊராரை விலக்கி, அப்பகைவனைத் தானே காத்து நடந்தான் தத்தன். வெட்ட ஓங்கிய கையே காக்குங் கையாயிற்று. நாயனார் அவனுக்குப் பிரசங்கம் ஒன்றும் செய்திலர். தாம் செய்வதைக் காட்டினார். தலைவனது அன்பு பிறரிடத்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பதற்குத் தத்தனே விளக்கம்.

யாமும் ஒரு தத்தனைக் கண்டிருக்கின்றோம். 1983ஆம் ஆண்டு ஆடிமாதத்தில் யாம் இந்நகரத்தில் மிசன் பாடசாலையொன்றிற் படித்துக்கொண்டிருந்த சிறுவன். தமிழர் கடைகள் எரிந்தன. எமக்குச் சிங்களமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர், பௌத்தர், மாலையில் எம் வீட்டுக்கு வந்து எம்மையும் தாயாரையும் தங்கையையும் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். புறப்படுமுன் தாயார் தம் சேலைத்தலைப்பால் எம் நெற்றியிலிருந்த நீற்றைத் துடைத்தார். அவர் கை நடுங்கியதை இன்றும் உணர்கின்றோம்.

ஆறு நாள் அங்கே இருந்தோம். வாயிலுக்கு வந்து விசாரித்தவர்களுக்கு ஆசிரியர் எழுந்து சென்று தாமே விடை கூறி அனுப்பினார். மூன்றாம் நாள் அந்திப்பொழுதில் அவருடைய மனைவியார் புத்தர் படத்தின்முன் விளக்கேற்றிவிட்டு எம்மை நோக்கி, “மகனே, வெளியே போகும்போது வேண்டாம், இந்த வீட்டுக்குள்ளே நீ வழக்கம்போற் பூசிக்கொள். உன் கடவுளை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை” என்றார். தாயார் முடிச்சிலிருந்த நீற்றை எடுத்து எமக்கு இட்டார். அந்நாள்வரை யாம் ஆசிரியராக வேண்டுமென எண்ணியதில்லை. அவ்வாசிரியரைப்போல் ஆகவேண்டுமென அன்று எண்ணினோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நீறணிந்த அரசனொருவன் இம்மக்களின் சமயத்தைப் பேணினான் என்பதை அவ்விருவரும் நினைந்து செய்தனரல்லர். எனினும் ஒரு நகரத்தில் நிகழ்ந்த நன்மை அந்நகரத்தாரின் ஒழுக்கத்தில் எங்கோ தங்கி நிற்கின்றதென்று எம்மனம் நம்புகின்றது.

இனி, கசப்பான ஒன்றையும் கூறவேண்டும். கீர்த்தி ஸ்ரீ காலத்தில் மீண்ட உபசம்பதை எல்லார்க்கும் உரியதாகவில்லை. அவன் காலத்திலேயே அஃது உயர்ந்த சாதியாரென்று எண்ணப்பட்டார்க்கு மாத்திரம் என்னும் கட்டுப்பாடு எழுந்தது. கதவடைக்கப்பட்டோர் கடல் கடந்து பர்மாவின் அமரபுரத்துக்குச் சென்று துறவுபெற்று 1803ஆம் ஆண்டில் திரும்பி, வேறு நிகாயம் நிறுவினர். அயலானுக்கு நீண்ட கை அருகிருந்தவனுக்கு நீளவில்லை. இதனைப் பிறர் குற்றமென்று கூறி நாம் மகிழ்தற்கில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சமாசனம் வேண்டப்பட்ட காலத்தில் எழுந்த எதிர்ப்பை நம்மவர் மறந்திருக்கலாம். பின்வரிசையில் இருத்தப்பட்டோரின் மக்கள் மறக்கவில்லை.

யாமும் குற்றமற்றவரல்லேம். பல ஆண்டுகளுக்கு முன், குருபூசை நாளில் தேவாரம் பாடுதற்கு இனிய குரலுடைய ஒரு மாணாக்கனைத் தெரிந்தோம். அவன் நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வருபவன். பெற்றோர் சிலர் முணுமுணுத்தனர். பூசல் வேண்டாமென்று கருதி, அவனுக்குத் தடிமன் என்று ஒரு பொய்யைச் சொல்லி, வேறொருவனைப் பாடவைத்தோம். அவன் ஒன்றும் பேசாது பின்னே நின்றான். எம் பாடசாலையில் அப்போது புதிதாய்ச் சேர்ந்திருந்த ஆசிரியை ஒருவர், பூசை முடிந்து அனைவரும் உணவுக்கு எழுந்தபோது, அவனைத் தம் அருகிருத்தி, “தம்பி, நீ பாட இருந்ததை எனக்குப் பாடிக்காட்டு” என்றார். அவன் பாடினான். உண்டுகொண்டிருந்த கூடம் முழுவதும் அமைதியாயிற்று. முணுமுணுத்தவருள் ஒருவர் எழுந்து வந்து அவனுக்குப் பாயசம் பரிமாறினார். அடுத்த ஆண்டு அவனே பாடினான், எவரும் மறுத்திலர். பதவியால் தலைவர் யாம். அன்று தலைமை தாங்கியவர் அவ்வாசிரியையே. எமக்கு அடைக்கலந் தந்த ஆசிரியர் அப்போது உயிரோடிருந்து இதனை அறிந்திருப்பாராயின் என் செய்வோம் என்று எண்ணி நாணினோம்.

ஆசிரியர்களே, நம்மிடம் செப்பேடு பொறிக்கும் அதிகாரம் இல்லை. தூது போக்கக் கப்பலும் இல்லை. நம் அரசு ஒரு வகுப்பறையின் அளவினது. அவ்வரசிலும் சரணங்கரர்கள் உளர். கற்க வேட்கையிருந்தும் கற்பிப்பாரின்றி நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் கண்டறிந்து பின்னே நிற்றல் நம் கொடையாகுக. நம்மை இகழ்ந்தவர் பிள்ளை நம் வகுப்பில் இருப்பின், அப்பிள்ளைக்கு ஒருபடி கூடுதலாகக் கற்பித்தல் நம் மன்னிப்பாகுக. முஸ்லிம் பிள்ளையின் நோன்பையும், கிறித்தவப் பிள்ளையின் சிலுவையையும், சிங்களப் பிள்ளையின் பிரித்நூலையும் மதித்தல் நம் சைவமாகுக. யாவற்றுக்கும் மேலாக, கடைசி வரிசையில் யார் இருக்கின்றார், ஏன் இருக்கின்றார் என்று நாடோறும் ஒருமுறை நோக்குதல் நம் தலைமையாகுக.

நாம் இவ்வாறு செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றும் சொல்லார். முப்பது ஆண்டு கழித்து, ஏதேனும் ஒரு கொடிய நாளில், எவருடைய வாயிலிலோ அவருள் ஒருவர் எழுந்து நிற்பார். நாம் கற்பித்தது அவருக்கு விளங்கியதென்பதை அன்று உலகம் அறியும்.

திருச்சிற்றம்பலம்.