அகாலம்

உடல் திரவத்தைப் போலிருக்க ஜப்பானிய ஆய்வாளர் கோகுபோ வகுத்த அளவுப்படி கலக்கிய உப்புக் கரைசலில், 37 டிகிரி சூட்டில், மெக்னீசியத் துண்டைப் போடுகிறேன். உடனே மேலெல்லாம் பொடிக் குமிழிகள்: ஹைட்ரஜன். உலோகத்தின் மேல் வெள்ளையாய் ஹைட்ராக்சைடு படர்கிறது. குளோரைடு அந்தப் போர்வையையும் அரிக்கிறது.

நிலையாமை துயரம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இந்தத் துண்டுக்கோ, முறிந்த எலும்பு கூடும்வரை தாங்கிவிட்டு அழிவதுதான் வேலை. பெல்ஜிய மருத்துவர் லாம்போட் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், முறிந்த காலில் எஃகு ஆணிகளோடு பொருத்திய மெக்னீசியத் தகடு 8 நாளில் சிதைந்து, தோலுக்கடியில் வாயு கட்டிக்கொண்டது. எலும்பு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகுமே! அப்படியானால் துயரம் அழிவிலா, அகாலத்திலா? பின்னதில் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் காலத்தை அளக்க என்னிடமிருப்பது உயிரணு இல்லாத, புரதம் இல்லாத இந்தக் கரைசல்தான். இதை உடல் என்று சொல்ல நா கூசுகிறது.