பிள்ளையின் வீடும் ஈசனின் வீடும்

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு ரங்கப்பிள்ளை வீதி வழியாகத் திரும்பும்போதெல்லாம் அந்த வீட்டைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். ஆனந்தரங்கப் பிள்ளை 1730-களில் கட்டிய மாளிகை. ஒரே ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். கீழே முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள்; ஒன்றைத் தொட்டேன், எண்ணெய் தேய்த்த உடம்பு மாதிரி வழவழவென்றிருந்தது. மாடியில் பிரெஞ்சுப் பாணியில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள்.

பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷ்; அதாவது மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், சம்பா கோயில் என்ற கிறிஸ்தவ தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை டூப்ளே இடிக்கவைத்தார். இடிக்க வந்தவர்கள் யார், லிங்கத்தைக் காலால் உதைத்த பாதிரியார் யார் என்பதுவரை பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது என் வயிறு கலங்கியது.

அதற்குப் பிறகும் பிள்ளை பதவியில் தொடர்ந்தார். அதுதான் என்னை உறுத்துகிறது.

என் பாட்டி ராமாயணம் சொல்லும்போது கும்பகர்ணனுக்காக அழுவாள். அண்ணன் செய்தது தவறென்று சபையிலேயே சொன்னான். பிறகு செஞ்சோற்றுக்கடன் தீர்க்கப் போய்ச் செத்தான். விபீடணன் விட்டுவிட்டுப் போனான். இரண்டுக்கும் தருமத்தில் இடமுண்டு என்பாள். உண்ட சோற்றுக்கும் வணங்கிய தெய்வத்துக்கும் நடுவில் நின்றவனுக்கு என்ன வழி? நான் கேட்டிருந்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பாளோ!

நான் சொல்வது இது: பிள்ளை அன்றைக்கே துபாஷ் வேலையை உதறியிருக்க வேண்டும். ஆள் பலமும் பண பலமும் இருந்தவர். எழுதிவைத்தது அதற்கு ஈடாகாது. ஆனாலும் எஜமானின் பாவத்தை மறைக்காமல் எழுதினார் பாருங்கள், அதை நான் வணங்குகிறேன். அந்த எழுத்து இல்லாவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும் என்று இன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்குமா?

1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். சில நாளில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் வெள்ளைக்காரர் வீடுகளையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளையின் வீடு தப்பியது. ஈசனுக்குப் பின்னாளில் வேறிடத்தில் கோயில் எழும்பியது, இன்றைய காந்தி வீதியில். மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகலாம். விளக்கேற்றும் நேரத்தில் போங்கள். வழியில் அந்த வீட்டு வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.