மூழ்கியது அழிவதில்லை

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியருகே அலைகளை நோக்கி நிற்கும்போது, மறைந்தது அழிந்ததாகுமா என்ற புராதனமான வினா என் உள்ளத்தில் எழுகிறது.

தென்துருவத்தைச் சூழ்ந்த கடலில் நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிட, அதனால் கனத்த குளிர்நீர் பாதாளம் போன்ற ஆழத்தில் மூழ்கி, வடதிசை நோக்கி ஊர்ந்து, நம் வங்கக் கடலின் அடித்தளத்தையும் எட்டி, மெல்லக் கலந்து மேலேறி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் சூரியனைக் காண்கிறது. மூழ்கியது அழியவில்லை, யாத்திரை போயிருக்கிறது.

நாம் செய்யும் கருமமும் அவ்வாறே, மறைந்தாலும் மீண்டு வருகிறது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை, மீனவர்களும் மாணவர்களும் கரிய கூழாக வாளிகளில் அள்ளியதை அறிந்தவர்கள், கடலில் எறிந்தது தொலைந்தது என்று சொல்லத் துணியார். கடல் எதையும் மறப்பதில்லை. ஆகையால், அன்பர்களே, அதற்கு இடுவதைத் தூய்மையாக இடுங்கள்.