சபையில் இருந்தவர்கள்



தெற்கேயிருந்து வந்து விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஊரில் சாதிச் சண்டை என்று சேதி வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். "பிழைக்க வந்த இடம், நமக்கு ஏன் வம்பு" என்பார்கள். கல் விழும் நேரத்தில் கடையை மூடுவது குற்றமல்ல. ஆனால் கல் விழாத நாளிலும் வாயை மூடியே இருப்பது தர்மமா என்று அன்புக்கொடி மக்கள் யோசிக்க வேண்டும்.

1978 ஜூலையில் விழுப்புரம் கடைவீதியில் தொடங்கிய தகராறு பெரிய கலவரமாகி, தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 25ஆம் தேதி திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் மோதல் வந்து, காலனி வீடுகள் எரிந்தன; மாநாட்டுக்குப் போனவர்களில் இருவர் உயிரிழந்தார்கள். இதெல்லாம் ஒரே நாளில் முளைத்ததல்ல. தேநீர்க் கடையிலும் குழாயடியிலும் கோயில் வாசலிலும் நாள்தோறும் நடந்ததை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

விழுப்புரம் அருகே மேல்பாதியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தாழ்த்தப்பட்ட மக்கள் தாக்கப்பட்டார்கள். எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் 1947லேயே சட்டம் வந்துவிட்டது; அறநிலையத்துறைக் கோயிலில் இதற்குப் பேச்சுவார்த்தை எதற்கு என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கடினம். பேச்சுவார்த்தையும் பலிக்கவில்லை. ஜூன் 7ஆம் தேதி அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள்.

இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் யாரென்று தெரியாத பிள்ளை கிடையாது. பாரதக் கூத்தில் துகிலுரிதல் அன்று ஊரே விழித்திருக்கும். துச்சாதனன் வரும்போது பெண்கள் கண்ணீர் விடுவார்கள். ஆனால் அந்தச் சபையில் துச்சாதனன் ஒருவன்தானா இருந்தான்? பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். திரௌபதி நியாயம் கேட்டது அவர்களிடம். தர்மம் தெரிந்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். அநியாயத்தால் சபையில் நிறுத்தப்பட்ட ஒருத்தியைத் தெய்வமாகக் கும்பிடும் வாசலிலேயே, அநியாயப்பட்டவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

சீல் வைத்த பிறகு ஊர் அமைதியாகத்தான் இருந்தது. கோயில் 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசாரி மட்டும் பூசை செய்யத் திறக்கப்படும் வரை, அம்மனுக்கு விளக்கு இல்லை. இரு தரப்புக்கும் இல்லை என்பது நடுநிலை போலத் தோன்றும். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் பூட்டி வைப்பதை நியாயம் என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள்.

"பொறுமையாகப் போகலாமே, இப்போது எதற்கு இந்தப் போராட்டம்" என்று சொல்லும் நல்லவர்கள் எங்கும் உண்டு. 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கியபோது, எட்டு சமயத் தலைவர்கள் இதைத்தான் அறிக்கையாக வெளியிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் சிறையிலிருந்தபடியே அவர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அவரை வருத்தியது, வெளிப்படையாகப் பகைத்தவர்களைவிட, அமைதி குலையக்கூடாதே என்று கவலைப்பட்ட இந்த நல்லவர்கள்தான். பொறுமை பெரிய குணம். பட்டவன் தானாக மேற்கொண்டால் அது தவம். படாதவன் அவனிடம் கேட்டு வாங்கினால் அது வேறு.

தெற்கத்திக் குடும்பங்களுக்கு இது புரியாத சங்கதியல்ல. கமுதி கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக நாடார்கள் மீது வழக்குப் போடப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றார்கள். 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை போடுவதற்கே அடிபட்டார்கள். அன்றைக்கும் நல்ல மனிதர்கள் பலர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். வட மாவட்டங்களில் வன்னியர்களும் பட்டவர்களே. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தபோது 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. சாலையோர மரங்களை வெட்டிப் போட்டது சரியென்று சொல்ல முடியாது. ஆனால் மரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்டது என்ன என்பதை மறப்பதும் சரியில்லை. தான் பட்டதை நினைவு வைத்திருப்பவன் அடுத்தவன் வலியை எளிதில் அறிய வேண்டும். பல ஊர்களில் அப்படி நடப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

வைகுண்டர் சிங்காரத்தோப்புச் சிறையில் பொறுமையாக இருந்தார். ஆனால் தம் மக்களைக் குனிந்து நிற்கச் சொல்லவில்லை, தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். அவரை வணங்குகிறவர் வாழும் இதே மாவட்டத்தில், 2021 மே மாதம் ஒட்டனந்தலில், ஊரடங்கில் திருவிழா நடத்தினார்கள் என்று மூன்று முதியவர்களை ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழ வைத்தார்கள்.

மேல்பாதிக் கோயிலுக்குள் 2025 ஏப்ரல் 17ஆம் தேதி போலீஸ் காவலோடு தாழ்த்தப்பட்ட மக்கள் சென்று கும்பிட்டார்கள். போலீஸ் செய்ய வேண்டியதைச் செய்தது. கடைக்காரர் செய்ய வேண்டியது வேறு. கண்ணால் பார்த்ததைக் கேட்கிற இடத்தில் பார்த்தபடி சொல்வது, கல்லாவில் சில்லறையைத் தூக்கிப் போடாமல் எல்லார் கையிலும் கொடுப்பது, வாடிக்கையாளர் ஒருவர் காலனிக்காரரை இழிவாகப் பேசினால் வியாபாரம் போனாலும் தடுத்துச் சொல்வது. நிழல் தாங்கலில் அன்னதர்மம் நடக்கும் நாளில் காலனிக்கும் அழைப்புப் போகட்டும். அழைக்கப் போகிறவர் தெருமுனையில் நின்று குரல் கொடுக்காமல், வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அழைக்கட்டும்.