சந்ததிக்கு வாதி யார்?

தூத்துக்குடித் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது 1974-ஆம் ஆண்டில். அந்நாளில் உலகக் கடல்களில் உலவிய கப்பல்கள் பலவற்றின் அடிப்பாகத்தில், பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கும் பொருட்டு, வெள்ளீயக் கூட்டு நஞ்சு கலந்த வண்ணம் பூசப்பட்டிருந்தது. கப்பல் விரைந்தது, எரிபொருளும் மிச்சமாயிற்று. ஆனால் அந்நஞ்சு நீரிற் கரைந்து, சங்கின் உறவினமாகிய கடல் நத்தைகளுள் பெண்ணினத்துக்கு ஆணுறுப்பை வளர்த்து அவற்றை மலடாக்கிற்று. பல நாட்டுத் துறைமுகங்களில் இக்கேடு கண்டறியப்பட்ட பின், 2001-இல் அதைத் தடுக்க அனைத்துலக உடன்படிக்கை உருவாகி, 2008-இல் நடைமுறைக்கு வந்தது. முத்துக் குளித்தும் சங்கெடுத்தும் வாழ்ந்த இக்கரையோரத்தார், நத்தைக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமோ என்று கேட்பது இயல்பே.

நேர்ந்திருக்கிறது. 1977-இல் கலிஃபோர்னியாவின் லாத்ராப் என்னும் ஊரில், மண்புழுதியிலுள்ள நுண்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற் போனதைத் தமக்குள் பேசிக்கொண்டனர். சோதித்தபோது பலருடைய விந்தில் அணுக்கள் மிகக் குறைந்தோ, அறவே இல்லாமலோ இருந்தன. அவர்கள் வாய்திறந்து பேசியிராவிடில் அம்மருந்து மேலும் எத்தனை ஆண்டு விற்றிருக்குமோ!

நம் அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபதாண்டுகளுக்கு மேலாக, 2000-ஆம் ஆண்டு வரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அங்கே பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள சிறுவர்களை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவன அறிஞர்கள் ஆராய்ந்தனர். பருவமெய்துவது பிந்தியிருப்பதையும், ஆண்மைக்குரிய ஹார்மோன் குறைந்திருப்பதையும் 2003-இல் வெளியிட்டனர். மறுத்துரைத்தோரும் உளர். எனினும் 2011-இல் உச்சநீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. அல்பகரா அத்தியாயத்தில், பூமியில் குழப்பம் விளைவிப்பவனைப் பற்றிய இடத்தில், 'ஹர்ஸ்' எனும் பயிரும் 'நஸ்ல்' எனும் சந்ததியும் அடுத்தடுத்த சொற்களாக வருகின்றன. பயிரைக் காக்கப் புறப்பட்டுச் சந்ததியைக் கெடுத்த இக்காலத்தில், அவ்விரு சொற்களின் நெருக்கம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இக்கரையோர மக்களுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' புதிய நூலன்று. ஒருவனுடைய முதுகெலும்பை முறித்து விந்தாற்றலை அழித்தவன், ஓர் உயிருக்குரிய முழு தியத்தையும் ஈடாகத் தரவேண்டும் என்பது அதிலுள்ள சட்டம். பெண்ணின் கருத்தரிக்கும் ஆற்றலை அழித்தாலும் அதுவே. மேலோர்கள் இவ்விழப்பை உயிரிழப்புக்கு நிகராக மதித்தனர். ஆயின் சட்டம் செயற்பட, அடித்த கை தெரியவேண்டும். அடிபட்டவன் காஜியிடம் வரவேண்டும். காற்றில் வந்த நஞ்சுக்குக் கை இல்லை. பிறந்திருக்க வேண்டிய பிள்ளை வழக்குரைக்க வரப்போவதுமில்லை. எஞ்சிய வாதி தகப்பனாக இயலாதவன் ஒருவனே. அவனோ வெட்கத்தால் வாய்மூடுகிறான். அவன் மறைக்கும் வரை சான்றில்லை. சான்றில்லாத வரை நஞ்சை விட்டவனைக் கேட்பாரில்லை.

இம்மௌனத்தின் விலையைக் கொடுப்பவள் மனைவி. பிள்ளையில்லாத் தம்பதியருள் ஏறத்தாழப் பாதியிடத்தில் ஆணின் குறையும் பங்குபெறுகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. நம் வீடுகளிலோ சோதனையும் தாயத்தும் அவளுக்கே. இரண்டாம் நிக்காஹ் பேச்சு அவனுக்கு! நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளைவரம் கேட்ட துஆவை மர்யம் அத்தியாயத்தில் கவனியுங்கள். முதலில் தம் எலும்பின் நலிவையும் தலையின் நரையையும் முறையிடுகிறார்கள். மனைவியின் நிலை பிறகே வருகிறது. நாணம் ஈமானைச் சார்ந்தது, மறுப்பாரில்லை. மனைவிமேல் பழியை ஏற்றிவிட்டு மறைந்துகொள்ளும் நாணத்துக்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

பூச்சிமருந்து, ஈயம், கொதிகலன் வெப்பம் ஆகியவற்றினிடையே உழைப்போர், மருத்துவரிடம் தங்கள் தொழிலையும் சொல்லவேண்டும். விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதமாகும். ஆதலின் நஞ்சைவிட்டு விலகியபின் சில மாதங்களிலேயே சிலருக்கு ஆற்றல் மீள்வதுண்டு. லாத்ராப் தொழிலாளருள்ளும் சிலர் பின்னர்த் தகப்பனாயினர். சிலருக்கு அது கிட்டவேயில்லை.