கை போன வழி

துவாக்குடித் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் குத்தும். திருவெறும்பூர் 'பெல்' கொதிகலன் தொழிற்சாலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, அதற்குப் பாகங்கள் செய்து கொடுத்தே அந்த வட்டாரத்தில் பல பட்டறைகள் தலையெடுத்தன. என் சிநேகிதர் ஒருவருடைய மகன் அங்கே சூப்பர்வைசர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். போன மாதம் கையில் கோர்ட் நோட்டீசுடன் வந்து என் திண்ணையில் உட்கார்ந்தான்.

கனத்த தகடுகளைப் பற்ற வைக்கும்போது சூட்டில் அவை கோணிக்கொள்ளும். எந்த இடத்தில் தொடங்கி, எந்த வரிசையில் பற்ற வைத்துக்கொண்டு போனால் கோணாது என்பதில்தான் வித்தை இருக்கிறது. அவனுடைய பழைய முதலாளி தகடு தகடாகப் பாழாக்கி, கடன் பட்டு, அந்த வரிசையைக் கண்டுபிடித்தவர். பையன் எட்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு அடுத்த தெருப் பட்டறையில் சேர்ந்ததும் அவர் வழக்குப் போட்டார். அவன் அங்கே வேலை பார்ப்பதையே தடுக்க வேண்டும் என்று கேட்டார். அதற்குக் கோர்ட் இணங்கவில்லை. ஆனால் அந்த வேலை முறையை யாருக்கும் சொல்லக் கூடாது, பயன்படுத்தவும் கூடாது என்று தடை போட்டது.

"நான் வாயே திறக்கவில்லை, மாமா. புதுப் பையன் ஒருவன் தகட்டைக் கெடுக்கப் போனான். என் கை தானாக அவன் கையைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டது" என்றான்.

கேட்டதும் எனக்கு மனம் இளகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். காகிதத்தைத் திருப்பிக் கொடு என்றால் கொடுக்கலாம்; கை கற்றதை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? பழைய முதலாளி பட்ட கடனும் பொய்யில்லையே என்பது சற்றுக் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சங்கடம் நம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் புதிதல்ல. கல்யாணில் இருந்த செஞ்சுரி ரேயான் ஆலையில் டயர் நூல் தயாரிப்புக்குப் பழக்கப்பட்ட கோலிகரி என்பவர், ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியுமுன்பே கோட்டாவில் இன்னோர் ஆலைக்குப் போனார். ஒப்பந்த காலம் முடியும் மட்டும் அதே தொழிலை வேறிடத்தில் செய்யக் கூடாது, ரகசியத்தையும் வெளியிடக் கூடாது என்ற தடையை 1967-ல் அந்தக் கோர்ட் உறுதி செய்தது. அவருக்கு ஒப்பந்தம் முடியவில்லை. நம் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் ஒருவன் பிழைக்கும் தொழிலை அடைக்க எளிதில் விடாது. அதனால்தான் அவன் புதுப் பட்டறைக்குள் நுழைய முடிந்தது.

என்னைத் திருப்பியதும் அதுதான். வேலைக்குப் போகலாம் என்பதும் வித்தையைக் காட்டக் கூடாது என்பதும் ஒரே கோர்ட், ஒரே நாளில், ஒரே காகிதத்தில் சொன்னது. பழைய முதலாளி தமக்குப் பிடிக்காத பாதிக்குக் கட்டுப்பட்டார். புதுப் பட்டறை வாசலில் நின்று ரகளை செய்யவில்லை. இவனுக்குப் பிடிக்காத பாதியை மட்டும் இவன் கைவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் ஹாரியட் ஹார்மன் என்ற வக்கீல், பகிரங்கக் கோர்ட்டில் வாசிக்கப்பட்டுவிட்ட தஸ்தாவேஜுகளை ஒரு பத்திரிகைக்காரரிடம் காட்டினார். வழக்குக்கு மட்டுமே பயன்படுத்துவதாக வாக்குக் கொடுத்துப் பெற்றவை அவை. அவமதிப்புத்தான் என்று 1982-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் இருவர் உடன்படவில்லை. நானும் அந்த இருவர் பக்கமே. (பிற்பாடு அந்த அம்மாள் மந்திரியானார்.) ஆனால் ஊரே கேட்டுவிட்ட விஷயத்துக்கே அவ்வளவு என்றால், இவனுடையது இன்னும் ரகசியமாகவே இருந்தது.

நம் சிவில் சட்டப்படி தடையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. கோர்ட் அவமதிப்பைப் பற்றிய 1971-ம் வருஷச் சட்டம் 'வேண்டுமென்றே' மீறினானா என்று பார்க்கிறது. மனப்பூர்வமான மன்னிப்பையும் ஏற்கிறது. கை தானாகப் போயிற்று என்கிறானே, அது வேண்டுமென்று செய்ததாகுமா? எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

"அன்று ஒரு தடவைதானா?" என்று கேட்டேன்.

வெகு நேரம் பேசாமல் இருந்தான்.

"மறுநாளும் கூப்பிட்டார்கள், மாமா. போனேன். அதற்கு மறுநாளும்."

"அதையும் எழுதி மன்னிப்புக் கேள்."

"வக்கீல் முதல் நாளை மட்டும் எழுதினால் போதும் என்கிறார்" என்றான்.