பிறந்த வீட்டில் இருக்கும் பெயர்

பூர்வீகம் தேடத் தொடங்கினால் எல்லோரும் முதலில் போய் நிற்பது அப்பாவின் அப்பாவிடம்தான். அவருக்கு மேலே பூட்டன், அவருக்கும் மேலே ஓட்டன் என்று ஆண்வழியே ஏறிப் போகத்தான் மனம் விரும்புகிறது. காகிதங்களும் அந்த வழிக்கே துணை நிற்கின்றன. பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால், இன்னார் குமாரர் இன்னார் என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை வந்துவிடும். செக்குபந்தியைப் பொறுமையாகப் படித்தால், கிழக்கேயும் தெற்கேயும் உள்ள நிலங்கள் யாருடையவை என்பதிலிருந்து பாகம் பிரிந்துபோன பங்காளிகள் தெரிய வருவார்கள். கிஸ்தி ரசீதில் ஃபசலி 1330 என்றிருந்தால் 590-ஐக் கூட்டி, 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

காலத்தை நிச்சயிப்பதில்தான் கவனம் வேண்டும். ஜாதகக் குறிப்பில் தாது வருஷம் என்றிருந்தால், அது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்தில் ஆண்டின் பெயர் திரும்பி வருகிறது. ஏறக்குறைய அதே இடைவெளியில் தாத்தாவின் பெயர் பேரனுக்கும் வந்துவிடுகிறது. பழைய பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை முழுசாக நம்ப முடியாது. கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஐந்து வயது என்று வாத்தியார் எழுதிய தேதியாகவும் அது இருக்கலாம். "தனுஷ்கோடி அழிஞ்சப்ப உங்க அப்பன் நெறமாசம்" என்று ஒரு பாட்டி சொல்வது அதைவிட உறுதி. 1964 டிசம்பர் கடைசி, தப்பினால் அடுத்த ஜனவரி என்று தைரியமாக எழுதலாம்.

இப்படியெல்லாம் கற்றுக்கொண்டு எங்கள் ஆண்களை வரிசையாக எழுதினேன். ஐந்து தலைமுறை. அதில் ஒருவரைப் பெற்றவள் பெயரும் இல்லை.

பெண்களின் பெயர் காகிதத்தில் வருகிற இடம் ஒன்று உண்டு. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று ஆனது. அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். எங்கள் வீட்டுப் பத்திரம் ஒன்றில் அப்பாவின் மூன்று அத்தைகளும் இருக்கிறார்கள். கீழே மூன்று இடது பெருவிரல் ரேகைகள். ஒன்றில் மை அப்பி வெறும் கறுப்பு வட்டமாகிவிட்டது. இன்னொன்று பாதிதான் பதிந்திருக்கிறது. மூன்றாவதில் ரேகைகளின் குறுக்கே ஒரு தழும்பு வெள்ளைக் கோடாக ஓடுகிறது. கதிரைப் பிடிக்கிற கை அது, கருக்கரிவாள் பட்டிருக்கும். அவளைப் பற்றி எங்களிடம் உள்ள ஒரே காகிதம், தனக்கு எதுவும் வேண்டாம் என்று அவள் எழுதிக்கொடுத்த காகிதம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளின் பதிவேடுகளில் பெண்களும் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள அடையாளம்வரை எழுதியிருக்கிறார்கள். வேலை வாங்குவதற்காக எழுதிய கணக்குதான் அது. சிவகங்கைச் சீமையிலேயே பிறந்து, நாற்று நட்டு, பிள்ளைகள் பெற்றுச் செத்துப்போன என் பூட்டிக்கு அந்தக் கணக்குகூட இல்லை.

அவளை அறிந்தவர்களில் மிச்சமிருந்தது சின்ன அப்பத்தா மட்டும்தான்.

"ஒன் மாமியா பேரு என்ன அப்பத்தா?"

"மறவமங்கலத்தா. அப்படித்தேன் ஊரே கூப்புடும். பேரை யாரு சொன்னாக?"

"ஒன்னைய எப்படிக் கூப்புட்டாக?"

"பாகனேரியா."

சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் ஏதும் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரிலேயே வாழ்ந்தவள். வாழ வந்த பெண்ணைப் பிறந்த ஊரால் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கம் அவள் பெயரை மறைக்கிறது என்பது உண்மை. ஆனால், அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை ஊர் வாயாலேயே காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

அதன் பிறகு தாத்தா கல்யாணத்து மொய் நோட்டை எடுத்தேன். நீளவாக்கு நோட்டு, நாலு மூலையிலும் மஞ்சள். பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரி, "மறவமங்கலம், தாய்மாமன், ரூ. 5." பூட்டியின் பெயர் எங்கும் இல்லை; அவள் கூடப்பிறந்தவன் முதல் ஆளாக நிற்கிறான். பங்காளிகளின் பெயர்களைத் தாண்டிப் பக்கங்களைப் புரட்டினால் காளையார்கோவில், கல்லல், இளையான்குடி என்று ஊர் ஊராக மொய் எழுதியிருந்தது. எழுதியவர் எல்லாம் ஆண்கள். ஆனால் அநேகமாக ஒவ்வொரு ஊரும் அந்த நோட்டுக்குள் வந்தது, ஒரு பெண்ணை அங்கே கொடுத்ததால் அல்லது அங்கிருந்து எடுத்ததால்தான்.

ஆண்கள் பிறந்த ஊரிலேயே இருந்தார்கள். நிலமும் அங்கேயே இருந்தது. அதனால் சர்க்கார் அவர்களை எழுதிவைத்தது. பெண்கள் தங்கள் பெயரைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அப்படி வந்த ஒருத்தியின் வயிற்றிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. "நாங்க இந்த மண்ணுக்காரவுக" என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வோம். எங்களைப் பெற்றவர்கள் எல்லாம் வேறு மண்ணில் பிறந்தவர்கள். பத்திரமோ பட்டாவோ ஒருநாளும் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. பெண் வந்த ஊர் எது என்று கேட்க ஒரு கிழவி உயிரோடு இருந்தால் போதும். அந்தக் கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் அவசரம்.

மறவமங்கலத்தில் அந்தத் தாய்மாமன் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நான் வந்த காரியத்தைக் கேட்ட பெரியவர், உள்பக்கம் திரும்பி ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி வந்து நின்றாள்.

"இதுதாம்ப்பா ஒங்க பூட்டி பேரு. இவளுக்கு வச்சிருக்கோம்."

புகுந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாத பெயரைப் பிறந்த வீடு மூன்று தலைமுறையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பெண்ணைத் தேடுகிறவர்கள் அவள் வாழ்ந்த ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. பூட்டி தன் மகள் ஒருத்தியை அண்ணன் மகனுக்கே கொடுத்திருக்கிறாள். அத்தை மகளைக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு எட்டுப் பூட்டன் பூட்டிமார் வரமாட்டார்கள்; ஆறு பேர்தான். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டிய வீட்டில் அப்பத்தாவே அம்மாவுக்கு அம்மாச்சியாகவும் இருப்பாள். மேலே போகப் போக விரியும் வம்ச வரைபடத்தில் எங்களை அப்படியே அடைக்க முடியாது. எங்கள் கோடுகள் மடிந்து மடிந்து அதே நாலைந்து ஊர்களுக்குத் திரும்புகின்றன. தேடுகிறவனுக்கு இது பெரிய உதவி. ஒரு வீட்டில் மறந்தது இன்னொரு வீட்டில் இருக்கும், அந்த வீடும் சொந்தமாகவே இருக்கும்.

பூட்டியைப் பெற்றவளின் பெயரையும் பெரியவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சருகணியா. அம்புட்டுத்தேன் தெரியும்" என்றவர், சருகணியில் யார் வீட்டில் போய்க் கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.